இலங்கையின் கிழக்கைப் பற்றி எழுதிய பெண் ஆய்வாளர்கள் விக்கிப்பீடியாவில் இடம்பெற எங்கே தொடங்குவது?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் படிக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பால்நிலை ஆய்வில் பங்களித்த பெண்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத நினைக்கிறார்கள். யாரில் தொடங்குவது, எழுதியது நீக்கப்படாமல் நிற்க என்ன செய்வது, தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று அவர்களில் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஆட்களைப் பற்றிய கட்டுரைகளில் தொடங்காதீர்கள். அவர்கள் செய்த ஆய்வு எந்தெந்தக் கட்டுரையில் இருந்திருக்க வேண்டுமோ, முதலில் அங்கே போங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு பெண் ஆய்வாளரைப் பற்றிப் பிறந்த ஊர், படித்த பாடசாலை, எழுதிய நூல்கள் என்று பத்து வரியில் ஒரு குறுங்கட்டுரை போட்டால், அவருடைய பெயரை ஏற்கெனவே தெரிந்தவர்தான் அதைத் தேடி வருவார். மட்டக்களப்பு மாவட்டம், அம்பாறை மாவட்டம், ஆழிப்பேரலை, சீதனம், கண்ணகி வழிபாடு போன்ற பக்கங்களுக்கு ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளை வருகிறது, பத்திரிகைக்காரர் வருகிறார், கனடாவில் இருக்கிற நம்மவர் வருகிறார். அங்கே ஒரு நல்ல பத்தி இருந்து, அதற்கு ஆதாரமாக ஒரு பெண்ணின் ஆய்வு நின்றால், அவருடைய பெயரைக் கேள்விப்படாதவரும் அவருடைய சிந்தனையைப் படித்துவிட்டுப் போவார். இன்னொரு லாபமும் உண்டு. ஆளைப் பற்றிய கட்டுரை என்றால் உடனே 'குறிப்பிடத்தக்கவரா', அதாவது தனிக் கட்டுரைக்கு உரியவரா என்ற கேள்வி எழும். இருக்கிற கட்டுரையில் ஆதாரத்துடன் சேர்க்கும் பத்திக்கு அந்தக் கேள்வியே இல்லை. புதியவர்களாகிய உங்களுக்குக் கைபழகுவதற்கும் அதுதான் வசதி.

நம்முடைய பக்கத்துக் குடி முறையையே, அதாவது தாய்வழிக் குல முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயைக் காட்டுவார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்தவர். 2008இல் வந்த அவருடைய பெரிய நூல் இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது, அது உண்மை. ஆனால் வீடு பெண்ணின் பெயரில் இருந்தால் அந்தப் பெண்ணின் சொல் அந்த வீட்டில் எடுபடுகிறதா என்பது வேறு கேள்வி. காஞ்சனா ருவன்புர அந்தக் கேள்வியோடுதான் கிழக்குக்கு வந்தார். 2006இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல், இங்கே பெண்கள் தலைமை தாங்கும் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களை ஆராய்ந்து, தாய்வழி முறை இருப்பதால் ஆணாதிக்கம் இல்லாமல் போய்விடவில்லை என்று வாதிடுகிறது. அதற்கும் முன்பு, 1999இலேயே, செல்வி திருச்சந்திரன் போரினால் கிழக்கில் உருவான பெண் தலைமைக் குடும்பங்களைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார். 'மட்டக்களப்பில் பெண்களுக்கு உயர்ந்த இடம் உண்டு' என்று ஒரே வரியில் பெருமையாக முடித்துக்கொள்வது நம்மிடம் பரவலாக இருக்கிற பழக்கம். இந்த இரண்டு நூல்களையும் வைத்து எழுதினால் அந்த வரி தன்பாட்டில் மாறிவிடும்.

அடுத்தது ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்; கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் இழவு. பொதுவாக இந்த விசயத்தை எழுதுகிறவர்கள் அலையின் உயரம், நிலநடுக்கத்தின் அளவு, இறந்தோர் தொகை என்று தொகுத்துவிட்டு நிவாரணத்தோடு முடித்துவிடுவார்கள். பிறகு கட்டிய வீடுகளின் உறுதிப்பத்திரம் யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்பது நமக்கு எவ்வளவு பெரிய கேள்வி! அதை எழுதும்போது பத்தி இப்படி வரலாம்: 'கிழக்குக் கரையோரத்தில் வீடு வழக்கமாக மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மீள்கட்டுமானத் திட்டங்களில் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆண்களின் பெயரில் வீடுகள் வழங்கப்பட்டமை இவ்வழக்கத்துடன் முரண்பட்டது. மகள்மாருக்குச் சீதன வீடு தேடும் பெற்றோரின் அக்கறை மீள்குடியேற்றத்தில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை மக்கில்வ்ரே, பற்றீசியா லோரன்ஸ் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு விளக்குகிறது.' மூன்றே வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணோடு சான்று போட வேண்டும். யாரையும் புகழவில்லை, யாரையும் திட்டவில்லை. ஆனால் அந்தக் கட்டுரை முன்பு சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறது. பற்றீசியா லோரன்ஸ் போர்க்காலத்தில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் உருவந்து வாக்குச் சொல்லும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்தவர். அந்த ஆய்வுக்குக் கோயில் வழிபாடு பற்றிய கட்டுரையில் இடம் உண்டு. போர்க்காலத்துப் பிள்ளைகளைப் பற்றி மாகரெட் ட்ராவிக் 2007இல் வெளியிட்ட மட்டக்களப்பு நூலும் அப்படித்தான், அதற்குரிய கட்டுரையில் போய்ச் சேர வேண்டும்.

சரி, இப்படிப் பத்துப் பதினைந்து கட்டுரைகளில் கைபழகிய பிறகு ஆட்களுக்கு வரலாம். அப்போது முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒருவர் எவ்வளவு எழுதினார் என்பதை விக்கிப்பீடியா பார்ப்பதில்லை, அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்பதைத்தான் பார்க்கிறது. நம் பெண்களுக்கு இதுதான் இடறும் இடம். அவர்களுடைய நூல்களை வைத்துப் பாடம் எடுத்தார்கள், மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், ஆனால் இரண்டு பக்கம் உட்கார்ந்து மதிப்பிட்டு எழுதியவர்கள் குறைவு. அதனால் சான்று தேடுவதுதான் உங்கள் வேலையில் பெரும் பங்கு. எழுதுவது அதற்குப் பிறகுதான்.

தேடும் இடங்களைச் சொல்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகள் ஏராளமாக வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தின் 'நிவேதினி', மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் 'பெண்' ஆகிய இரண்டின் இதழ்களையும் பொருளடக்கம் பார்த்து ஒருமுறை முழுக்கப் புரட்டுங்கள். பழைய வீரகேசரி, தினகரன் வாரமலர்களில் நூல் மதிப்புரைகளும் நேர்காணல்களும் கிடைக்கும். நேர்காணல் என்பது அவரே சொன்னது; விவரங்களுக்கு உதவும், குறிப்பிடத்தக்கமையைக் காட்ட உதவாது. நூல் வெளியீட்டு விழாச் செய்தியும் அப்படித்தான், யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இராது. மதிப்புரைதான் தங்கம்.

மணிவிழா மலர், பவளவிழா மலர், பிரதேச சாகித்திய விழா மலர் என்று நம் ஊரில் அச்சாகிறவற்றைக் கவனமாகப் பார்க்கத் தெரிய வேண்டும். முன்பகுதி முழுக்க வாழ்த்துச் செய்தியாக இருக்கும்: அமைச்சர், அரசாங்க அதிபர், ஆயர், ஆதீனம், அதிபர். அதைத் தாண்டிப் போங்கள். நடுவில் எங்கேயோ ஒரு சக ஆய்வாளர் அவருடைய ஒரு நூலை எடுத்து, எந்தக் கேள்வியை எப்படி ஆராய்ந்தார், எந்த இடத்தில் தனக்கு உடன்பாடு இல்லை என்று எழுதியிருப்பார். உங்களுக்குத் தேவையானது அந்தக் கட்டுரைதான். கடைசிப் பக்கங்களில் நூற்பட்டியல் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். காலமானவர் என்றால் முப்பத்தோராம் நாள் வெளியிடும் 'கல்வெட்டு' என்ற நினைவு மலர் வீட்டில் இருக்கும். பிறந்த திகதி, பெற்றோர், படித்த பாடசாலைகள் அதில் ஒழுங்காகக் கிடைக்கும். அவை மட்டும் போதும் என்று கட்டுரை போடாதீர்கள். குடும்பத்தார் அச்சிட்டதைச் சுதந்திரமான சான்று என்று யாரும் ஏற்கமாட்டார்கள். இன்னொன்று, கையில் கிடைத்த சான்று எதுவானாலும் இதழ் எண், மாதம், பக்கம் மூன்றையும் அதே இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்த இதழ் இரண்டாவது தடவை கையில் அகப்படாது.

எழுதும் விதம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒரு உதாரணம் போதும். 'பெண்களின் விடிவெள்ளியாகத் திகழ்ந்து உலகெங்கும் ஈழத்தமிழரின் புகழைப் பரப்பியவர் ராதிகா குமாரசுவாமி' என்று எழுதினால் யாரோ ஒருவர் வந்து வெட்டுவார், வெட்டுவது நியாயம். 'ராதிகா குமாரசுவாமி 1994 முதல் 2003 வரை பெண்களுக்கு எதிரான வன்முறை தொடர்பான ஐக்கிய நாடுகள் சிறப்பு அறிக்கையாளராகப் பணியாற்றினார்' என்று எழுதுங்கள். பட்டங்களும் 'அம்மணி', 'மேடம்', 'பேராசிரியை அவர்கள்' எல்லாமும் வேண்டாம், பெயரை மட்டும் எழுதினால் போதும். மரியாதை விகுதியில் இருக்கிறது. பெண் ஆய்வாளர் என்றால் 'இன்னாரின் துணைவியார்' என்று முதல் வரியிலேயே தொடங்கும் பழக்கமும் உண்டு. அதை விடுங்கள். கணவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் 'வாழ்க்கை' என்ற பகுதியில் ஒரு வரி எழுதலாம். முதல் வரி அவருடைய வேலைக்கு உரியது.

யாரை எழுதுவது? எழுதுவதற்கு முன் தேடுபெட்டியில் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே இருந்தால் அதை விரிவாக்குங்கள். குமாரி ஜயவர்த்தன மூன்றாம் உலகப் பெண்ணியமும் தேசியவாதமும் பற்றி எழுதிய 1986ஆம் ஆண்டு நூல் உலகம் முழுக்கப் பாடநூலாகப் போனது. அவருக்குச் சான்று பஞ்சமில்லை, ஆகையால் தொடக்கத்துக்கு நல்லது. 1998இல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு பெற்று 2013இல் காலமான சுனிலா அபேசேகர, 2021இல் காலமான மானிடவியலாளர் மாலதி டி அல்விஸ் ஆகியோரையும் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சிங்களப் பெயர் என்று தள்ளிவைக்கக்கூடாது. 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகமவைப் பற்றிப் பொதுவாக அவருடைய மரணத்தைத்தான் எழுதுகிறார்கள். போருக்குள் பெண்கள் பட்டதை அவர் எப்படிப் பதிவு செய்தார் என்பதையும் நீங்கள் எழுதலாம்.

உங்கள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பெயர் என்றால் சித்திரலேகா மௌனகுரு. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுதியில் இருந்து மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் வரை அவருடைய பங்கைத் தொட்டு எழுத நிறைய உண்டு. ஆனால் உங்களில் யாராவது அவரிடம் படித்திருந்தால், அல்லது உங்கள் மேற்பார்வையாளர் அவரிடம் படித்திருந்தால், கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். தன் ஆசிரியரைப் பற்றி மாணவர் எழுதுவதைத் தடை செய்வதில்லை. மறைப்பதைத்தான் தவறாகப் பார்ப்பார்கள். இப்போது உங்களுக்கு வகுப்பு எடுக்கிறவர்களைப் பற்றி மட்டும் எழுதவே வேண்டாம்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற ஒலுவில் பக்கத்தில் இருந்து ஒருவரையாவது உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பெண்களின் பங்கைத் தமிழ்ப் பெண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் பாதிதான் வரும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல். இந்தச் செய்தியைச் சொல்லும் எந்தக் கட்டுரையிலும் ஹிஷ்யாமா ஹமீன், ஹசனா சேகு இஸ்ஸதீன் இருவரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இருக்க வேண்டும். முஸ்லிம் பெண்கள் ஆய்வு, செயல் முன்னணியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெசிமா இஸ்மாயில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். அவரைப் பற்றி எழுத ஒலுவில் பிள்ளைகளை விடப் பொருத்தமானவர்கள் யார்?

இதில் ஒரு சிக்கல் வரும். கிழக்கில் பெண்களின் அறிவுப்பணியில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தது. முகாம்களில், சட்ட உதவி மேசைகளில், வீதி நாடகங்களில் உழைத்தவர்களுக்குத் தனித்தனியாகச் சான்று கிடைக்காது. அவர்களுக்கு ஆள்பக்கம் போட முயன்று மனம் உடைய வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் உருவான சூரியாவைப் போன்ற அமைப்பைப் பற்றி ஒரு கனமான கட்டுரை எழுதுங்கள். அதில் அவர்கள் செய்த வேலை வரும், பதிவில் உள்ள பெயர்களும் இயல்பாக வரும். நாளைக்கு ஒருவரைப் பற்றித் தனியாக யாராவது ஆராய்ந்து எழுதினால் அங்கிருந்து பக்கம் பிரிக்கலாம். அதோடு, நீங்கள் கலைப்பீட மாணவர்கள் என்பதை மறக்காதீர்கள். சான்று இல்லை என்றால் அந்தச் சான்றை உருவாக்கும் இடத்தில்தான் இருக்கிறீர்கள். இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு பெண்கள் அமைப்பின் வரலாற்றை எடுங்கள். அதை ஒரு மதிப்பாய்வு செய்யும் சஞ்சிகையில் வெளியிடுங்கள். பிறகு வேறொருவர் அதை விக்கிப்பீடியாவில் சான்றாக்கட்டும்.

பெயர் விசயத்தில் கவனம் வேண்டும். கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்தோடு எழுதியவர் பிறகு கணவரின் பெயரோடு எழுதியிருப்பார், இடையில் புனைபெயரும் வைத்திருப்பார். ஆண் ஆய்வாளருக்கு ஒரே பெயரில் நாற்பது வருட நூற்பட்டியல் கிடைக்கும். பெண்ணுக்கு மூன்று பெயரில் சிதறிக் கிடக்கும். எந்தப் பெயரில் தேடினாலும் அதே கட்டுரைக்கு வந்து சேர, எல்லாப் பெயருக்கும் வழிமாற்று போடுங்கள். விக்கிப்பீடியாவின் தரவுத் தளமான விக்கித்தரவில் மாற்றுப் பெயர்களாகவும் சேர்த்துவிடுங்கள். எந்த மொழி விக்கிப்பீடியாவில் எத்தனை வீதம் பெண்கள் என்ற கணக்கே விக்கித்தரவில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. விக்கிப்பீடியாவில் பெண்களைப் பற்றிய கட்டுரைகளைக் கூட்டும் 'விமன் இன் ரெட்' முயற்சி 2015இல் தொடங்கிய காலத்தில் ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் 15 வீதத்துக்குச் சற்று மேல்தான் பெண்கள். இப்போது ஏறத்தாழ 20. இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்த பிறகும் அவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. அதனால் எண்ணிக்கையை உங்கள் இலக்காக வைக்காதீர்கள்.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டங்களில் பெண் உரிமை பற்றிப் பேசிய பெண்களுக்கு மிரட்டல் வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உயிரோடு இருக்கிறவர் என்றால் வீட்டு ஊர், பிள்ளைகளின் பெயர், மதம் மாறினாரா, விவாகரத்தா போன்றவற்றை, எங்கோ ஒரு செய்தியில் வந்திருந்தாலும், எழுதாதீர்கள். அவருடைய பணியை விளங்கிக்கொள்ள அது தேவையில்லை. உங்கள் கணக்குக்கும் சொந்தப் பெயர் வேண்டியதில்லை. படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் (காமன்ஸ்) ஏற்றும்போது எடுத்தவரின் அனுமதி தேவை, படத்தில் இருப்பவரின் அனுமதி மட்டும் போதாது. முகநூலில் இருந்து எடுத்துப் போட்டால் அழித்துவிடுவார்கள். கைபேசியில் எடுத்த படத்தில் இடத்தின் குறிப்பும் ஒட்டியிருக்கும், ஏற்றுவதற்கு முன் அதை நீக்குங்கள்.

கடைசியாக மொழி. தமிழில் எழுதுங்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் தோளில் சுமந்தவர் மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர். ஈழத்து விசயங்களுக்கு அங்கே முதலில் இருந்தே இடம் உண்டு. இனம், பால் போன்ற ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன என்று கிம்பர்லி கிரென்ஷா 1989இல் முன்வைத்த கருத்தைப் பற்றி, பால்நிலைக் கோட்பாட்டாளர் ஜூடித் பட்லர் பற்றி ஆங்கிலத்தில் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு அடுத்த பிரிவு மாணவர்கள் தமிழில் படித்து விளங்கிக்கொள்ள, உங்கள் பாடக்குறிப்பின் தரத்துக்கு மேலான கட்டுரைகளை நீங்கள்தான் எழுத வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவி ஒரே தட்டில் முழுப் பக்கத்தையும் தரும். அதை அப்படியே பதிப்பித்தால் வாசிக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டியது, 'நிவேதினி'யிலும் 'பெண்'ணிலும் தமிழில் மட்டுமே கிடைக்கும் விசயங்களை. தமிழ்ச் சஞ்சிகையை ஆங்கில விக்கிப்பீடியாவில் சான்றாகத் தாராளமாகக் காட்டலாம், விதி அதைத் தடுப்பதில்லை. மேற்கோளில் மூலத் தமிழ் வரியையும் அதன் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால், தமிழ் தெரியாத தொகுப்பாளரும் சரிபார்க்க வழி கிடைக்கும்.